வராத இன்டரப்ட், நிற்காத இன்டரப்ட்: டிரைவர் கோளாறை எங்கிருந்து தேடுவது?

இன்டரப்ட் என்பது சாதனம் சிபியுவைக் கூப்பிடும் சிக்னல்; அதைக் கவனிப்பது அந்தச் சாதனத்துக்கான மென்பொருளான டிரைவர். இதில் கோளாறு வந்தால் வெளியே பல வேஷத்தில் தெரியும். நெட்வொர்க் திடீரென்று நின்றுபோகும். டச் ஸ்கிரீன் முதல் தொடுதலோடு செத்துப்போகும். ஒரு சிபியு மட்டும் நூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் கணினியே உறைந்துவிடும். வேஷம் எதுவானாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: சாதனம் கேட்டதற்கு யாரோ ஒருவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த யாரோ சாதனமா, இன்டரப்டைக் கடத்தும் கன்ட்ரோலரா, இயங்குதளத்தின் மையமான கெர்னலா, நம் டிரைவரா என்பதை ஆயிரம் வரி கோடைப் படித்துத் தேடுவதைவிட, கெர்னல் எழுதி வைத்திருக்கும் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்வது சுலபம். இங்கே வரும் பெயர்களும் செய்திகளும் லினக்ஸ் கெர்னலுக்கு உரியவை. மற்ற இயங்குதளங்களில் பெயர்கள் மாறும், சிக்கல்கள் பெரிதாக மாறாது.

முதலில் பாதை

சாதனத்துக்குள் ஏதோ நடக்கிறது. பாக்கெட் வந்திருக்கலாம், டிஸ்க் படித்து முடித்திருக்கலாம். உடனே சாதனம் தன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் (நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தில்) ஒரு பிட்டை 1 ஆக்குகிறது. அந்த பிட்டுக்கு உரிய அனுமதி மாஸ்க் ரிஜிஸ்டரில் திறந்திருந்தால் இன்டரப்ட் வெளியே கிளம்புகிறது. நடுவில் இருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலர் அதை வாங்கி ஏதாவது ஒரு சிபியுவிடம் தள்ளுகிறது. இன்டெல் வகைக் கணினிகளில் இது ஐஓ-ஏபிஐசி, ஆர்ம் சிப்களில் பெரும்பாலும் ஜிஐசி. சிபியு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கெர்னலுக்குள் குதிக்கிறது. கெர்னல் அந்த இன்டரப்டின் எண்ணுக்குப் பதிவான ஹேண்ட்லர்களை, அதாவது டிரைவர்கள் தந்த செயல்பாடுகளை, ஒவ்வொன்றாக அழைக்கிறது.

ஹேண்ட்லருக்கு முதல் வேலை, கூப்பிட்டது தன் சாதனம்தானா என்று பார்ப்பது. ஆம் என்றால் சாதனத்தை அமைதிப்படுத்திவிட்டு ஐஆர்க்யூ_ஹேண்டில்டு என்று திருப்ப வேண்டும். இல்லை என்றால் ஐஆர்க்யூ_நன்.

புதிதாக எழுதுகிறவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இன்டரப்டைக் கவனித்துவிட்டேன் என்ற ஒப்புதல் இரண்டு இடத்தில் தரப்படுகிறது. கன்ட்ரோலருக்குத் தர வேண்டிய ஒப்புதலைக் கெர்னலே பார்த்துக்கொள்ளும், அதில் டிரைவர் கைவைக்கத் தேவையில்லை. சாதனத்துக்குத் தர வேண்டிய ஒப்புதல் முழுக்க டிரைவரின் பொறுப்பு. அதை எப்படித் தருவது என்று கெர்னலுக்குத் தெரியாது, சாதனத்தின் டேட்டாஷீட்டுக்குத்தான் தெரியும்.

லெவல், எட்ஜ் என்ற இரண்டு வகையையும் இப்போதே பிரித்துக்கொள்ள வேண்டும். லெவல் வகை இன்டரப்ட் பசித்த பிள்ளை மாதிரி, பால் கிடைக்கும்வரை அழுகை நிற்காது. சாதனத்தில் காரணம் தீரும்வரை அந்த லைன் உயர்ந்தே, அல்லது தாழ்ந்தே, இருக்கும். ஹேண்ட்லர் முடிந்து சிபியு வெளியே வந்ததும் மறுபடி உள்ளே இழுக்கப்படும். எட்ஜ் வகையில் லைன் மாறுகிற அந்தக் கணம் மட்டுமே கணக்கு. அதைத் தவறவிட்டால் யாரும் மறுபடி சொல்ல மாட்டார்கள். நிற்காத இன்டரப்ட் பெரும்பாலும் லெவல் வகையின் நோய், தவறிப்போகும் இன்டரப்ட் பெரும்பாலும் எட்ஜ் வகையின் நோய். கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ்ஸின் பழைய ஐஎன்டிஎக்ஸ் லைன்கள் லெவல் வகை, பல சாதனங்கள் ஒரே லைனைப் பகிரலாம். எம்எஸ்ஐ, எம்எஸ்ஐ-எக்ஸ் இரண்டிலும் தனி லைன் கிடையாது. சாதனம் ஒரு குறிப்பிட்ட முகவரியில் எழுதுவதே இன்டரப்ட். நடத்தையில் அது எட்ஜ் போன்றது. எம்எஸ்ஐயில் ஒரு சாதனம் 32 வெக்டர்கள் (தனித்தனி இன்டரப்ட் எண்கள்) வரை வாங்கலாம், எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை.

கோடைத் திறக்கும் முன் கணக்கைப் பார்

/ப்ராக்/இன்டரப்ட்ஸ் என்ற கோப்பை ஒரு நொடி இடைவெளியில் இரண்டு தடவை படியுங்கள். அதில் ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

19:   100004   0   0   0   ஐஓ-ஏபிஐசி   19-ஃபாஸ்டிஇஓஐ   ஏஎச்சிஐ, மைகார்டு

இடது ஓரத்தில் இருப்பது லினக்ஸ் வைத்த எண். அடுத்து சிபியு ஒன்றுக்கு ஒரு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் இதுவரை வந்த எண்ணிக்கை. பிறகு கன்ட்ரோலரின் பெயர், கன்ட்ரோலருக்குள் இருக்கும் எண், வகை. ஃபாஸ்டிஇஓஐ என்று இருந்தால் இன்டெல் கணினியில் அது லெவல் வகை லைன், எட்ஜ் என்று இருந்தால் எட்ஜ். கடைசியில் அந்த எண்ணில் பதிவான டிரைவர்களின் பெயர்கள்: ஏஎச்சிஐ டிஸ்க் டிரைவர், மைகார்டு நம் டிரைவர். இங்கே இரண்டு பெயர் இருப்பதால் லைன் பகிரப்படுகிறது.

இந்த ஒரு வரியே பாதி நோயைச் சொல்லிவிடும். நம் டிரைவரின் பெயரே இல்லை என்றால் பதிவு தோற்றிருக்கிறது, ஹேண்ட்லரைப் பார்ப்பது வீண். பெயர் இருக்கிறது, எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் சாதனத்துக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. சாதனம் சும்மா இருக்கும்போதும் எண்ணிக்கை நொடிக்குப் பல்லாயிரம் ஏறுகிறது என்றால் அது புயல். மேலே உள்ளதுபோல லட்சத்தை ஒட்டிய ஒரு எண்ணில் வந்து நின்றிருந்தால் கெர்னலே அந்த இன்டரப்டை அடைத்துவிட்டது என்று சந்தேகப்படலாம்.

கெர்னல் ஏன் அடைக்கிறது? ஒரு லட்சம் இன்டரப்டில் 99,900க்கு மேல் யாருமே உரிமை கோரவில்லை என்றால், அதாவது எல்லா ஹேண்ட்லரும் ஐஆர்க்யூ_நன் என்றே திருப்பினால், அந்த லைன் பழுதாகிவிட்டது என்று கெர்னல் முடிவு செய்கிறது. கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் 'ஐஆர்க்யூ 19: நோபடி கேர்டு' என்ற செய்தியும், அந்த எண்ணில் பதிவான ஹேண்ட்லர்களின் பட்டியலும், 'டிஸேபிளிங் ஐஆர்க்யூ #19' என்ற வரியும் வரும். உரிமை கோரப்படாதவை பத்தில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி விட்டு வந்தால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் எப்போதோ ஒன்று வழிதவறி வருவதற்கெல்லாம் லைன் அடைபடாது. அடைபடுமுன் நிலவரம் எப்படி என்று பார்க்க /ப்ராக்/ஐஆர்க்யூ/19/ஸ்பூரியஸ் கோப்பு இருக்கிறது. அதில் அன்ஹேண்டில்டு என்ற எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

பாவம், இதில் அடிபடுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். நம் கார்டு கத்துகிறது, லைன் அடைபடுகிறது, அதே லைனில் இருந்த டிஸ்க் டிரைவர் ஒரு தவறும் செய்யாமல் ஊமையாகிறது. அடைத்த பகிர்வு லைனைக் கெர்னல் நொடிக்குப் பத்து முறை தானாகத் தட்டிப் பார்க்கும் என்பதால் டிஸ்க் முழுக்கச் சாகாது, ஆமை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று டிஸ்க் மந்தமாகிவிட்டது என்று வரும் புகாரில் டிஸ்கைக் குறை சொல்லும் முன் டிமெசேஜைத் தேடுவது நல்லது.

நிற்காத இன்டரப்ட்

செய்தியைக் கண்டதும் ஹேண்ட்லரின் கடைசி வரியை எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்டு என்று மாற்றிவிடுவது பரவலான குறுக்கு வழி. செய்தி போய்விடும், புயல் போகாது. கெர்னலின் காவல் நாயை மட்டும் கட்டிப்போட்டதாகிவிடும். பிறகு ஒரு சிபியு ஹேண்ட்லருக்குள்ளேயே சுழன்று, இயல்பமைப்பில் 20 நொடி கழித்து சாஃப்ட் லாக்கப் (சிபியு சிக்கிக்கொண்டது) என்று கெர்னல் அலறும். காரணத்தைத்தான் தேட வேண்டும்.

மிகச் சாதாரணமான காரணம், ஸ்டேட்டஸ் பிட்டை அழிக்காமல் விடுவது அல்லது தவறான முறையில் அழிப்பது. அழிக்கும் முறை சாதனத்துக்குச் சாதனம் மாறும். சிலவற்றில் படித்தாலே அழியும். பலவற்றில் எந்த பிட்டை அழிக்க வேண்டுமோ அங்கே 1 எழுத வேண்டும். இந்த இரண்டாவது வகையில் ஒரு கண்ணி இருக்கிறது. பழக்க தோஷத்தில் ரிஜிஸ்டரைப் படித்து, நம் பிட்டைச் சேர்த்து, திரும்ப எழுதினால் அப்போது 1 ஆக இருந்த மற்ற பிட்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும். புயல் நிற்கும், ஆனால் வேறொரு நிகழ்வு யாரும் பார்க்காமலேயே காணாமல் போயிருக்கும்.

சில சாதனங்களில் பிட்டை நேரடியாக அழிக்கவே முடியாது, காரணத்தைத் தீர்த்தால்தான் அது தானாக அழியும். 16550 வகை சீரியல் போர்ட் நல்ல உதாரணம். பைட் வந்ததற்கான இன்டரப்ட், பைட்டைப் படித்தால் ஓயும். பிழை இன்டரப்ட் லைன் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்தால்தான் ஓயும். மோடம் லைன் மாறியதற்கானது மோடம் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படித்தால் ஓயும். பைட்டை மட்டும் படித்துவிட்டு வெளியேறும் ஹேண்ட்லர் மேசையில் சோதிக்கும்போது அழகாக வேலை செய்யும். கேபிளில் இரைச்சல் ஏறி முதல் ஃப்ரேமிங் பிழை வந்த நிமிடம் புயல் தொடங்கும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத தாமதம். பிசிஐ சாதனத்தின் ரிஜிஸ்டரில் எழுதுவது உடனே போய்ச் சேராது. இடையில் உள்ள பாலங்களின் இடையகத்தில் தங்கிப் போகலாம். சிபியு எழுதிவிட்டேன் என்று நினைத்து ஹேண்ட்லரிலிருந்து வெளியேறுகிறது. எழுத்து சாதனத்தைச் சேருவதற்குள் கன்ட்ரோலர் லைனைப் பார்க்கிறது, அது இன்னும் உயர்ந்தே இருக்கிறது. மறுபடி ஓர் இன்டரப்ட். இந்த முறை ஸ்டேட்டஸைப் படித்தால் ஒன்றும் இல்லை, ஐஆர்க்யூ_நன். எண்ணிக்கை சரியாக இரண்டு மடங்காகவும், ஸ்பூரியஸ் கோப்பில் ஏறக்குறைய பாதி அன்ஹேண்டில்டாகவும் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்து எளிது: அழிக்க எழுதிய உடனே அதே சாதனத்தின் ஏதாவது ஒரு ரிஜிஸ்டரைப் படித்துவிடுங்கள். படிப்பு, தனக்கு முன்னால் போன எழுத்துகளைத் தள்ளிக்கொண்டுதான் போகும். படிப்பதற்கு நேரம் ஆகும் என்பதால் எல்லா எழுத்துக்கும் பின்னால் இதைப் போட வேண்டாம், ஒப்புதல் எழுத்துக்குப் பின்னால் மட்டும் போதும்.

டிரைவரை ஏற்றிய கணமே புயல் வந்தால் ஹேண்ட்லரை விட்டுவிட்டு வகையையும் துருவத்தையும் பாருங்கள். தாழ்ந்தால் இன்டரப்ட் என்று இருக்க வேண்டிய லைனை உயர்ந்தால் இன்டரப்ட் என்று அறிவித்துவிட்டால், சாதனம் சும்மா இருக்கும் நேரமெல்லாம் புயல்தான். இன்னொரு வாய்ப்பு, நமக்கு முன்னால் ஓடிய பூட்லோடரோ, கிராஷ் ஆன கெர்னலோ சாதனத்தை இயங்கும் நிலையிலேயே விட்டுப் போயிருப்பது. அதனால்தான் டிரைவர் சாதனத்தைத் தயார் செய்யும் ப்ரோப் செயல்பாட்டில் அதன் எல்லா மாஸ்கையும் முதலில் அடைத்து, பழைய ஸ்டேட்டஸையும் அழித்துவிட்டு, அதன் பிறகு ஹேண்ட்லரைப் பதிவு செய்வது நல்ல பழக்கம்.

பகிர்வு லைனுக்கு ஏற்ற ஒரு ஹேண்ட்லரின் எலும்புக்கூடு இது:

நிலை = ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படி
நிலையில் 32 பிட்டும் 1 என்றால்: ஐஆர்க்யூ_நன்
நிலை = நிலை & திறந்திருக்கும் மாஸ்க்
நிலை பூஜ்யம் என்றால்: ஐஆர்க்யூ_நன்
நிலையை ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் எழுது
ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரை ஒருமுறை படி
நிலையில் உள்ள பிட்டுகளுக்குரிய வேலையைச் செய், அல்லது தள்ளிப்போடு
ஐஆர்க்யூ_ஹேண்டில்டு

இரண்டாவது வரி எதற்கு? சாதனம் கழற்றப்பட்டாலோ, மின்சாரம் துண்டிக்கப்பட்டு உறங்கினாலோ, பிசிஐ படிப்பு பொதுவாக எல்லா பிட்டும் 1 ஆகத் திரும்பும். அந்தச் சோதனை இல்லாமல், ஸ்டேட்டஸ் பூஜ்யமாகும்வரை சுற்று என்று ஒரு வொயில் வளையம் எழுதியிருந்தால் அது முடியவே முடியாது. மூன்றாவது வரியும் முக்கியம். மாஸ்க் அடைத்திருந்தாலும் ஸ்டேட்டஸ் பிட் எழும் சாதனங்கள் நிறைய. பக்கத்து சாதனத்தின் இன்டரப்டுக்கு நம் ஹேண்ட்லர் அழைக்கப்படும்போது, நாமே அடைத்து வைத்த பிட்டைப் பார்த்து என்னுடையது என்று உரிமை கோரக் கூடாது.

வராத இன்டரப்ட்

இங்கே பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாதனத்தை ஒரு வேலை செய்ய வைத்துவிட்டு ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைக் கையால் படியுங்கள். பிட் எழவில்லை என்றால் பிரச்சினை சாதனத்தின் அமைப்பில், இன்டரப்டில் இல்லை. பிட் எழுந்திருக்கிறது, எண்ணிக்கை ஏறவில்லை என்றால் மாஸ்கைப் பாருங்கள். சில சாதனங்களில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு மாஸ்க், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொது ஸ்விட்ச் என்று இரண்டு அடுக்கு இருக்கும். பொது ஸ்விட்சை மறப்பது சகஜம். உறக்கத்திலிருந்து எழுந்த பிறகு மட்டும் வரவில்லை என்றால், உறங்கும்போது இழந்த மாஸ்கை ரெஸ்யூம் செயல்பாடு திரும்ப எழுதவில்லை.

சாதனப் பக்கம் சரி என்றால் எண் சரியா என்று பார்க்க வேண்டும். ஆர்ம் போர்டுகளில் பெரும்பாலான நேரம் இங்கேதான் போகும். போர்டில் உள்ள சாதனங்களை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் இன்டரப்ட்ஸ் = <0 45 4> என்று எழுதியிருந்தால், ஜிஐசிக்கு 0 என்பது பகிர்வு வகையான எஸ்பிஐ, 45 என்பது அந்த வகைக்குள் வரிசை எண், 4 என்பது உயர் லெவல். எஸ்பிஐ எண்கள் ஜிஐசியில் 32இலிருந்து தொடங்குவதால் இதன் உண்மையான எண் 77. சிப் கையேட்டில் 77 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே 77 என்று எழுதினால் ஜிஐசி 109ஐக் கவனித்துக்கொண்டிருக்கும், நம் சாதனம் யாரும் கேட்காத இடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். கையேடு எந்தக் கணக்கில் எண்ணுகிறது என்பதை ஏற்கெனவே வேலை செய்யும் இன்னொரு சாதனத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது எண்ணில் 1 என்றால் ஏறும் எட்ஜ், 2 இறங்கும் எட்ஜ், 8 தாழ் லெவல்.

எம்எஸ்ஐ சாதனத்தில் வரவில்லை என்றால் முதல் கேள்வி: பிசிஐ_செட்_மாஸ்டர் அழைத்தீர்களா? எம்எஸ்ஐ என்பது சாதனம் செய்யும் நினைவக எழுத்து. பஸ் மாஸ்டர் அனுமதி இல்லாத சாதனம் எழுத முடியாது, ஆகவே இன்டரப்டும் அனுப்ப முடியாது. அடுத்த கேள்வி, பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ் அழைத்த பிறகு எண்ணை பிசிஐ_ஐஆர்க்யூ_வெக்டர் மூலம் எடுத்தீர்களா, இல்லை பழைய எண்ணையே பயன்படுத்தினீர்களா என்பது. இன்னும் புரியவில்லை என்றால் பிசிஐ=நோஎம்எஸ்ஐ என்ற பூட் அளவுருவோடு ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். பழைய லைனில் வேலை செய்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். இதைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம், தீர்வாக வைத்துக்கொள்ளக் கூடாது.

எப்போதாவது ஒன்று தவறுவது

பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஒருமுறை தொங்கும் டிரைவரைப் பிடிப்பது கஷ்டம். நெட்வொர்க் என்றால் 'ட்ரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட்' என்ற நெட்டெவ் வாட்ச்டாக் செய்தி இதன் வழக்கமான அடையாளம். காரணம் அநேகமாக இரண்டு வரிகளின் வரிசையில் இருக்கும்.

எம்எஸ்ஐ அல்லது எட்ஜ் இன்டரப்டோடு சாதனம் பதிவுகளைப் போடும் வட்ட வரிசையான ஒரு ரிங் பஃபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹேண்ட்லர் ரிங்கில் உள்ள ஐந்து பதிவுகளையும் எடுக்கிறது. ரிங் காலி என்று உறுதி செய்கிறது. அந்த நொடியில் சாதனம் ஆறாவது பதிவைப் போடுகிறது. ஸ்டேட்டஸ் பிட் ஏற்கெனவே 1 ஆக இருப்பதால் அது புதிதாக ஒன்றும் அனுப்புவதில்லை. இப்போது ஹேண்ட்லர் ஸ்டேட்டஸை அழித்துவிட்டு வெளியேறுகிறது. ஆறாவது பதிவு ரிங்கில் கிடக்கிறது, அதைச் சொல்ல இனி யாரும் இல்லை. ஏழாவது வந்தால் பிழைக்கும். ஏழாவது வருவதே ஆறாவதற்கான பதிலைப் பொறுத்தது என்றால் இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நின்றுவிடும்.

வரிசையை மாற்றினால் தீர்ந்தது. முதலில் ஸ்டேட்டஸை அழி, பிறகு ரிங்கைக் காலி செய். நடுவில் எதுவும் வந்தால் புதிய இன்டரப்ட் கிளம்பும். அதிகம் போனால் ஒன்றும் இல்லாத ஓர் அழைப்பு கூடுதலாக வரும், அதனால் நஷ்டமில்லை. நேப்பி (இன்டரப்டை அடைத்துவிட்டு, பாக்கெட்டுகளைத் தானே போய் எடுக்கும் போலிங் முறை) பயன்படுத்தும் நெட்வொர்க் டிரைவர்களிலும் இதே ஓட்டை வேறு உருவத்தில் இருக்கிறது. போலிங் முடித்து, நேப்பி_கம்ப்ளீட்_டன் அழைத்து, சாதனத்தின் இன்டரப்டைத் திறப்பதற்கு நடுவில் வந்த பாக்கெட்டை சாதனம் மறுபடி அறிவிக்குமா? அறிவிக்காத சாதனம் என்றால், திறந்த பிறகு ரிங்கை மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்து, ஏதாவது இருந்தால் நேப்பியைத் திரும்ப அட்டவணையிட வேண்டும்.

சீரியல் போர்ட் போல காரணம் தீர்ந்தால்தான் பிட் அழியும் சாதனங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அவற்றை எட்ஜ் என்று பதிவு செய்திருந்தால் ஒரு விதி உண்டு: காரணம் எதுவும் மிச்சமில்லை என்று ஸ்டேட்டஸ் சொல்லும்வரை ஹேண்ட்லர் சுற்ற வேண்டும், சுற்றுக்கு ஓர் உச்சவரம்பும் வைக்க வேண்டும்.

உறங்கக் கூடாத இடத்தில் உறங்குவது

ஹேண்ட்லர் ஓடும்போது அந்த சிபியுவில் இன்டரப்ட்கள் அடைபட்டிருக்கும், கெர்னல் வேறு வேலைக்கு மாற முடியாது. எனவே காத்திருக்க வைக்கும், அதாவது உறங்க வைக்கும், எதையும் அங்கே அழைக்கக் கூடாது. மியூட்டெக்ஸ், எம்ஸ்லீப், பயனர் நினைவகத்துக்கு நகலெடுப்பது எல்லாம் விலக்கு. நினைவகம் கேட்டால் உறங்கக்கூடிய ஜிஎஃப்பி_கெர்னல் கூடாது, உறங்காத ஜிஎஃப்பி_அடாமிக்தான், அதுவும் கிடைக்காமல் போகலாம் என்று எதிர்பார்த்து எழுத வேண்டும். மீறினால் 'ஸ்கெட்யூலிங் வைல் அடாமிக்' என்ற செய்தி வரும், சில நேரம் வராது. நினைவகம் தாராளமாக இருக்கும்வரை ஜிஎஃப்பி_கெர்னல் உறங்காமலேயே தந்துவிடும் என்பதால் தவறு மாதக்கணக்கில் மறைந்திருக்கும். கான்ஃபிக்_டிபக்_அடாமிக்_ஸ்லீப் போட்டுக் கட்டிய கெர்னலில் ஓட்டினால், உண்மையில் உறங்காவிட்டாலும் உறங்கக்கூடிய செயல்பாட்டை அழைத்ததற்கே எச்சரிக்கை வரும்.

லாக் விஷயம் இதைவிடக் கொடியது. பயனர் படிக்கக் கேட்டபோது ஓடும் ரீட் செயல்பாடு ஒரு சாதாரண ஸ்பின்_லாக்கை (கிடைக்கும்வரை சுழன்று காத்திருக்க வைக்கும் பூட்டை) பிடித்திருக்கிறது. அதே சிபியுவில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்கிறது. லாக்கை விட வேண்டியவர் ஹேண்ட்லர் முடிந்தால்தான் ஓட முடியும், ஹேண்ட்லரோ லாக் கிடைத்தால்தான் முடியும். அந்த சிபியு அவ்வளவுதான். ரீட் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் பயன்படுத்தினால் லாக் கையில் இருக்கும்வரை அந்த சிபியுவில் இன்டரப்ட் அடைபட்டிருக்கும், சிக்கல் எழாது. ஹேண்ட்லருக்குள் சாதாரண ஸ்பின்_லாக்கே போதும். கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங் போட்ட கெர்னல், கணினி உண்மையில் உறையும்வரை காத்திராது. ஒரே லாக் ஹேண்ட்லரிலும், இன்டரப்ட் திறந்த நிலையில் வெளியேயும் எடுக்கப்பட்டதைக் கண்டால் 'இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்' என்று இரண்டு இடங்களையும் காட்டிவிடும். டிரைவர் எழுதும் கணினியில் இந்த இரண்டு அமைப்பையும் அணைத்து வைப்பது எனக்குப் புரியாத சிக்கனம்.

உறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், உறங்கக்கூடிய தனி த்ரெட்டில் ஓடும் த்ரெட் ஹேண்ட்லர் இருக்கிறது. ஐ2சி பஸ்ஸில் இருக்கும் டச் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்டேட்டஸைப் படிக்கவே ஐ2சி பரிமாற்றம் தேவை, அது உறங்கும். ஹேண்ட்லருக்குள் இதைச் செய்ய முடியாது. வொர்க் க்யூவில் (பிறகு செய்யும் வேலைகளின் வரிசையில்) தள்ளிவிட்டு வெளியேறினால் லெவல் லைன் இன்னும் உயர்ந்தே இருப்பதால் வொர்க் ஓடுவதற்குள் புயல் வந்துவிடும். ரிக்வெஸ்ட்_த்ரெடெட்_ஐஆர்க்யூவை ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் கொடியோடு அழைத்தால், த்ரெட் முடியும்வரை கெர்னல் அந்த லைனை அடைத்தே வைத்திருக்கும், த்ரெட் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். முதல் ஹேண்ட்லரைக் காலியாக (NULL) விட்டு இந்தக் கொடியையும் மறந்தால் கெர்னல் பொதுவாகப் பதிவையே மறுத்து இஇன்வால் பிழையைத் திருப்பும். இந்த வசதி 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்தே உண்டு. ஆகவே புதிய டிரைவரில் டாஸ்க்லெட் (வேலையைத் தள்ளிப்போடும் பழைய முறை) எழுத நல்ல காரணம் அபூர்வம்.

ஏற்றும்போதும் இறக்கும்போதும்

ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே ஹேண்ட்லர் அழைக்கப்படலாம். பகிர்வு லைனில் இதை எதிர்பார்க்கவே வேண்டும். ஹேண்ட்லர் தொடும் லாக், பாயின்டர், ரிஜிஸ்டர் மேப்பிங் எல்லாம் அதற்குள் தயாராக இருக்க வேண்டும். பகிர்வு லைனில் டெவ்_ஐடி (பதிவின்போது தரும் அடையாளப் பாயின்டர்) காலியாக (NULL) இருக்கக் கூடாது. ஒரே லைனில் இருக்கும் எல்லோரும் பகிர்வுக் கொடியையும் வகையையும் ஒன்றுபோல் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இபிஸி பிழையும் 'ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச்' என்ற செய்தியும் வரும்.

இறக்கும் வரிசை அப்படியே தலைகீழ்: சாதனத்தின் மாஸ்கை அடை, ஃப்ரீ_ஐஆர்க்யூ அழை, பிறகே நினைவகத்தை விடு. ஃப்ரீ_ஐஆர்க்யூ, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும். பதிவைத் தானாகவே விலக்கிக்கொள்ளும் டெவ்எம்_ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வசதிதான், ஆனால் அது ரிமூவ் செயல்பாடு முடிந்த பிறகே இன்டரப்டை விலக்கும். ரிமூவுக்குள் கையால் பஃபரை விடுவித்துவிட்டால், அதன் பிறகு வரும் ஓர் இன்டரப்ட் விடுவித்த நினைவகத்தைத் தொடும். பஃபரையும் டெவ்எம் முறையிலேயே, இன்டரப்டுக்கு முன்பாக வாங்குங்கள், அல்லது இரண்டையும் கையாலேயே கவனியுங்கள். பாதி இது பாதி அது என்பதுதான் ஆபத்து.

டிஸேபிள்_ஐஆர்க்யூவும் ஹேண்ட்லர் முடியக் காத்திருக்கும் வகை. அதைத் தன் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே அழைத்தால் தான் முடிவதற்குத் தானே காத்திருக்கும். அங்கே வேண்டியது டிஸேபிள்_ஐஆர்க்யூ_நோசிங்க்.

சரிசெய்ததைச் சோதிக்க

கான்ஃபிக்_டிபக்_எஸ்எச்ஐஆர்க்யூ போட்டால், பகிர்வு ஹேண்ட்லரை விலக்கும் நேரத்தில் கெர்னல் வேண்டுமென்றே அதை ஒருமுறை கூடுதலாக அழைக்கும். இறக்கும் வரிசை தவறாக இருந்தால் அங்கேயே விழும், வாடிக்கையாளரின் கணினியில் விழாது. இதோடு சாதனத்துக்கு முழுச் சுமை கொடுத்துக்கொண்டே மாட்யூலை ஏற்றி இறக்குங்கள், உறக்கத்துக்கு அனுப்பி எழுப்புங்கள், /ப்ராக்/ஐஆர்க்யூவில் உள்ள எஸ்எம்பி_அஃபினிட்டி மூலம் இன்டரப்டை ஒரு சிபியுவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள். ஹேண்ட்லர் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிய, கெர்னலின் தடமறியும் வசதியான எஃப்ட்ரேஸில் ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_என்ட்ரி, ஐஆர்க்யூ_ஹேண்ட்லர்_எக்ஸிட் என்ற இரண்டு நிகழ்வுகளைத் திறந்தால் போதும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் மைக்ரோநொடியில் தெரியும், என்ன பதிலைத் திருப்பியது என்பதும் கூடவே வரும். ப்ரின்ட்கே (கெர்னலில் செய்தி அச்சிடும் செயல்பாடு) போட்டு அளக்க வேண்டாம். கன்சோல் சீரியல் லைனில் 115200 வேகத்தில் இருந்தால் எண்பது எழுத்து கொண்ட ஒரு வரியை அனுப்பவே ஏறக்குறைய ஏழு மில்லிநொடி ஆகும். அந்தத் தாமதம் ஹேண்ட்லரின் தலையில் விழுந்தால், எட்ஜ் தவறும் டிரைவர் மேலும் தவறும், ரேஸ் (நேரத்தைப் பொறுத்துத் தோன்றும் பிழை) உள்ள டிரைவரோ நேரம் மாறியதால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.